சிவப்புக் கட்டத்தில் குளிர்

சென்னை வேலையை விட்டுவிட்டு, கணவன் காஷிஃபை அரை மனதாகச் சம்மதிக்க வைத்து, இரம் என்ற ஒன்றரை வயது மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அம்பரீன் ஆம்பூருக்கு வந்து இறங்கிய அன்று, கூடவே இறங்கிய அட்டைப் பெட்டியைப் பார்த்து அவள் அம்மா கேட்ட முதல் கேள்வி, "இதுல இன்னா, பாத்திரமா?" என்பதுதான்.

பாத்திரமில்லை. ஒரு தொடுதிரை. தொட்டால் விரலுக்குச் சூடோ குளிரோ தெரிகிற திரை. கண்ணாடிக்கு அடியில் மெல்லிய தகடுகள் இருந்தன. மின்சாரம் ஒரு திசையில் ஓடினால் தகடு சூடாகும், திசை மாறினால் குளிரும். வந்த பிறகு, வேலூர் பக்கம் பாகாயத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து, அவளும் கல்லூரித் தோழன் ஹேமந்தும் முட்டி மோதி அதை முழுமையாக்கினார்கள். எங்கோ கடல் தாண்டி உட்கார்ந்து தோலைப் படத்தில் பார்த்து ஆர்டர் கொடுக்கிறவர், பளபளப்பான தோலின் மேல் விரல் வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும். ஸ்வேட் மாதிரி மென்மயிர்த் தோலின் மேல் வைத்தால் இதமான சூடு ஏற வேண்டும். பார்ப்பதோடு கொஞ்சம் தொட்ட மாதிரியும் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவர்கள் ஆசை.

அந்த ஆசையை முதன்முதலாக ஒரு வியாபாரியின் முன் வைக்கப்போகிற நாள் இன்று. பள்ளிகொண்டா பக்கம் ஷூ தொழிற்சாலை வைத்திருக்கும் ஹயாத் பாஷா மத்தியானம் வரச் சொல்லியிருந்தார். அப்பாவின் பழைய தோஸ்த்.

அதனால் காலையிலேயே சாப்பாட்டு மேஜை பரிசோதனைக்கூடம் ஆகிவிட்டது.

"அம்மி, விரல இந்தச் செவப்புக் கட்டத்துல வை."

அம்மா ஜஹீருன்னிசா ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துவிட்டு வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள்.

"அய்யே! பாக்கச் செவப்பா இருக்கு, தொட்டா ஐஸ் மாதிரி இருக்கு. மாத்தி மாட்டிட்டே போல."

"வேணும்னேதான் அம்மி. கண்ணு ஒண்ணு சொல்லி, கை வேற சொன்னா, மனுஷங்க எத நம்பறாங்கன்னு பாக்கறேன்."

"வேணும்னே தப்பு செய்யறதுக்கா அவ்ளோ நல்ல வேலைய வுட்டே?"

அம்பரீன் சிரித்தாள். அம்மாவின் கிண்டலுக்குள் எப்போதும் ஒரு கேள்வி இருக்கும். சிரிப்பது பதில் சொல்வதைத் தள்ளிப்போடும்.

அப்போது அப்பா அப்துல் வஹீத் காலை நடையை முடித்துக்கொண்டு உள்ளே வந்தார். தோல் கமிஷன் வியாபாரத்தைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டதிலிருந்து அவருக்கு இரண்டே வேலைகள். காலையில் நடப்பது, மாலையில் பேத்தியைக் குளிப்பாட்டுவது. இரண்டாவது வேலை அவருக்குப் பழையது. அம்பரீன் பிறந்தபோது ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்த மனைவிக்கு உதவியாகச் சொம்பைக் கையில் எடுத்தவர், அப்புறம் யாரிடமும் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சர்க்காரில் மந்திரிகளுக்கு இலாகா இருப்பது போல இந்த வீட்டில் வெந்நீர் கலப்பது அவருடைய இலாகா. ஜஹீருன்னிசா வாளிக்குள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். பார்த்தால், "ஏன், என் கை மேல நம்பிக்க இல்லியா?" என்பார்.

"டீல சக்கர போடலேன்னு மூஞ்சிய தூக்காதீங்க," என்றாள் ஜஹீருன்னிசா அவரைப் பார்த்ததுமே. "நேத்து மக்கன் பேடா டப்பா பாதி காலி. சுகர்காரர் துன்ற அளவா அது?"

"இரம் துன்னா."

"ஆமா, டப்பாவ அவதான் எட்டி எடுத்தா."

"அப்பா, சண்டைய அப்புறம் போடுங்க. இங்க உக்காருங்க," என்று அம்பரீன் நாற்காலியை இழுத்துப்போட்டாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். தோல் பார்க்கும்போது இருந்த அதே முகம் வந்தது. விரலைச் சிவப்புக் கட்டத்தில் வைத்துக் கண்ணைச் சுருக்கினார்.

"ம்... சூடு."

"இந்த நீலம்?"

"குளுருது. நல்லா குளுருது."

நீலத்தில் சூடு வைத்திருந்தாள். அம்பரீனுக்கு உள்ளே ஓர் உற்சாகம் துள்ளியது. அடுத்தடுத்துக் காட்டினாள். ஆரஞ்சு நிறம் என்றால் சூடு, பச்சை என்றால் குளுமை என்றார். ஒன்றுகூட விரல் பக்கம் சாயவில்லை. கண் சொன்னதையே சொல்லிக்கொண்டு போனார்.

கடைசியாக நிறமில்லாத சாம்பல் கட்டம். அதில் நல்ல சூடு இருந்தது. அவர் திரையைப் பார்த்ததைவிட மகளின் முகத்தை அதிக நேரம் பார்த்தார்.

"இது... மிதமா இருக்கு. மாஷா அல்லா! கலக்கிட்டே பேட்டி, என் பொண்ணே."

தோளில் தட்டினார். முப்பத்திரண்டு வயதில், ஒரு குழந்தைக்குத் தாயாகிவிட்ட பிறகும், அந்தத் தட்டலுக்கு உடம்பு சிறுமியைப் போல நிமிர்ந்துகொள்வது அம்பரீனுக்கே வெட்கமாக இருந்தது. காஷிஃப் எத்தனை முறை "யோசிச்சிக்கோ" என்று சொல்லியிருப்பான். அப்பா ஒருமுறைகூட அப்படிச் சொன்னதில்லை.

அப்பாவின் கண் கையை இவ்வளவு தூரம் ஏமாற்றுகிறதே என்று வியந்தாள். நிறத்தையும் சூட்டையும் ஒத்துப்போக வைக்காவிட்டால் வாங்குகிறவர் கையை நம்பவே மாட்டார் என்று ஹயாத் பாஷாவிடம் சொல்ல ஓர் உதாரணம் கிடைத்துவிட்டது. சாம்பல் கட்டம் மட்டும் கொஞ்சம் உறுத்தியது. அப்பா எதையுமே மிதம் என்றுதானே சொல்வார் என்று அதையும் ஒதுக்கினாள்.

கிளம்பும்போது இரம் காலைக் கட்டிக்கொண்டாள்.

"போய்ட்டு சீக்கிரம் வா," என்றாள் ஜஹீருன்னிசா, குழந்தையைப் பிரித்தெடுத்தபடி. "இப்ப கொஞ்ச நாளா இவளுக்கு எல்லாத்துக்கும் அழுகை. குளிக்கறப்பகூட அப்படி அழுவுறா. பல்லு வருதோ இன்னாவோ."

"இந்த நானாகிட்ட அழுவ மாட்டா," என்றார் தாத்தா அப்துல் வஹீத் கொஞ்சம் அடிபட்ட குரலில். "தண்ணிய பாத்தா இப்ப பயம், அவ்ளோதான்."

*

ஹயாத் பாஷா விரலை வைத்ததும் சின்னப் பிள்ளை போலச் சிரித்தார். "அரே, இது சில்லுங்குது! டேய், கோதண்டபாணிய கூப்புடுங்கடா." மேனேஜர் கோதண்டபாணி வந்து வைத்தார். அவரும் சிரித்தார். சாம்பல் கட்டத்தில் விரல் வைத்து, கேட்பதற்கு முன்பே, "சுடுது மேடம்," என்றார்.

"உங்கப்பன் பாத்துட்டானா?" என்று கேட்டார் ஹயாத் பாஷா.

"காலைலயே பாத்துட்டார் சாச்சா. கலக்கிட்டேன்னு சொன்னார்."

பக்கத்தில் நின்ற ஹேமந்த் சட்டென்று ஒயரைச் சுற்றக் குனிந்தான். சுற்றுவதற்கு அங்கே ஒயர் எதுவும் இல்லை.

அடுத்த வாரம் மறுபடி கொண்டு வரச் சொல்லி, டீ கொடுத்து அனுப்பினார் ஹயாத் பாஷா. வெளியே கொட்டகை நிழலில், ஹேமந்தின் பைக் அருகே வந்ததும் அம்பரீன் நின்றாள்.

"இன்னா, ஒரு மாதிரி இருக்கே?"

"ஒண்ணுமில்ல."

"ஹேமந்த்."

"உங்கப்பாதான் உன்கிட்ட சொல்ல வேணான்னார்."

"இன்னா சொல்ல வேணான்னார்?"

அவன் ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நீ வீட்டுலேர்ந்து கிளம்பினதும் போன் பண்ணார். 'தம்பி, மெஷின்ல சூடும் வர்ல, குளிரும் வர்ல. சும்மா கண்ணாடிய தொட்டா மாதிரிதான் இருக்கு. சொன்னா பாவம், ஒடஞ்சி போய்டுவா. நான் கலரப் பாத்துப் பாத்து எதையோ சொல்லி சமாளிச்சிட்டேன். ஹயாத் முன்னாடி அவ தல குனியறதுக்குள்ள நீ எப்டியாவது சரி பண்ணிடு'ன்னார். நான் பயந்து போய், வந்ததும் எல்லாத் தகடையும் பாத்தேன். எல்லாம் கரெக்டாதான் இருந்துது."

அம்பரீன் முதலில் சிரித்தாள். அப்பாவா? கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தோல் பார்க்கிற முகத்தோடு, ஒவ்வொரு கட்டத்துக்கும் யோசித்து யோசித்துப் பொய் சொன்னாரா? என்ன நடிப்பு! அந்த நிமிஷம் அப்பா எதிரில் இருந்தால் கட்டிக்கொண்டிருப்பாள்.

பிறகு சிரிப்பு நின்றது.

அம்மாவின் விரல் துள்ளிய அதே சிவப்புக் கட்டம். அடுத்து வைத்தது அப்பா. இடையில் யாரும் எதையும் மாற்றவில்லை.

கண் கையை ஏமாற்றவில்லை. ஏமாற்றுவதற்கு அந்தக் கை எதையுமே சொல்லவில்லை.

படித்தவள், பரிசோதித்தவள், சாம்பல் கட்டத்தில் விடை எதிரில் நின்றும் அதைத் தள்ளிவிட்டு நடந்தவள். அப்பா புகழ்ந்த மயக்கத்தில் இருந்துவிட்டாள். அப்பாவோ அவளுக்காகப் பயந்துகொண்டிருந்தார். மகளின் மெஷின் செத்துவிட்டதாக நினைத்தாரே தவிர, தன் விரலைப் பற்றி ஒரு நொடியும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

அப்புறம்தான் குளியலறை ஞாபகம் வந்தது.

"ஹேமந்த், மணி இன்னா?"

"நாலரை ஆகப் போவுது. ஏன்?"

"வண்டிய எடு."

*

அம்மாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அப்பாவின் போன் தொழுகைக்காகச் சத்தம் அடக்கப்பட்டு, எப்போதும் போல அலமாரி மேல் கிடக்கும். மறுபடி அம்மா. மறுபடி மணி மட்டும்.

நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஹேமந்த் வளைத்து வளைத்து ஓட்டினான். காரணம் கேட்கவில்லை. பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்தபடி அம்பரீன் தன்னையே கேட்டுக்கொண்டாள். திரை யார் விரலையும் சுட்டுவிடக் கூடாது என்று எத்தனை காவல் வைத்திருந்தார்கள்! கொஞ்சம் சூடு மீறினால் மின்சாரம் தானாகவே நின்றுவிடும். அந்தக் காவலை மீறுகிறதா என்று வாரக்கணக்கில் சோதித்தாள். சொந்த வீட்டுக் குளியலறையில், போன மாதம் மாட்டிய புது கீசருக்குக் கீழே இருக்கும் வாளிக்குக் காவல் அப்பாவின் கை ஒன்றுதான்.

குளிக்கறப்பகூட அழுவுறா. பல்லு வருதோ இன்னாவோ.

அவள் தினமும் பாகாயத்திலிருந்து திரும்புவதற்குள் குளியல் முடிந்திருக்கும். பவுடர் வாசனையோடு, கன்னம் சிவந்து, தூங்கி வழிந்துகொண்டு இரம் இருப்பாள். அந்தச் சிவப்பைப் பார்த்து அவள் முத்தம் கொடுத்திருக்கிறாள்.

வீட்டு வாசலில் பைக் நிற்பதற்குள் குதித்து, ஹேமந்தை வெளியிலேயே விட்டு, பெட்டியை முன் ரூமில் வைத்துவிட்டு ஓடினாள்.

உள்ளே ஜஹீருன்னிசா துண்டில் சுற்றிய இரமை மடியில் வைத்துக்கொண்டு குளியலறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அப்துல் வஹீத் சட்டைக் கையை மடித்துவிட்டு, வாளிக்குள் விரல்களை விட்டு அளைந்துகொண்டிருந்தார். மேலே லேசாக ஆவி.

"பதமா இருக்கு. கொண்டா என் ராணிய."

"குடுக்காதே அம்மி!"

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். இரமும் பார்த்தாள். அம்பரீனுக்கு மூச்சு வாங்கியது. அப்பாவின் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்த முகத்துக்கு நேராக அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"அவளுக்கு... சளி. காலைல தும்மினா. இன்னிக்குக் குளிக்க வேணாம்."

"எங்க சளி? மூக்கே ஒழுவல," என்றாள் ஜஹீருன்னிசா.

"உள்ள இருக்கும் அம்மி. தொடச்சி வுட்டா போதும். போ, அவளுக்கு ஏதாவது ஊட்டு."

"இத சொல்றதுக்கா இப்டி ஓடி வந்தே? பேஜார் புடிச்ச பொண்ணு." முணுமுணுத்துக்கொண்டே ஜஹீருன்னிசா குழந்தையோடு சமையலறைக்குப் போனாள்.

"தண்ணி வீணாப் போவுதே," என்றார் அப்துல் வஹீத் ஏமாற்றத்தோடு. அவர் கை இன்னும் வாளிக்குள்ளேயே இருந்தது.

அம்பரீன் குனிந்து தன் கையை அதில் விட்டாள். உடனே இழுத்துக்கொண்டாள். பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு குளித்துவிடலாம். ஒன்றரை வயதுத் தோல் தாங்காது. சிவந்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அப்பா, கைய எடுங்க. ஒரு சின்ன டெஸ்ட் பாக்கி இருக்கு. முன் ரூமுக்கு வாங்க."

*

திரையில் எல்லாக் கட்டங்களையும் சாம்பல் ஆக்கினாள். நிறம் என்று ஒன்றும் இல்லை. அப்துல் வஹீத் சங்கடமாகத் திரையைப் பார்த்தார். விரலை நீட்டினார்.

"விரல் வேணாம். முழங்கைக்குக் கீழ, இந்த உள் பக்கத்த வைங்க."

"இது இன்னா புது வித்த?"

வைத்தார். வைத்த வேகத்தில் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அட! சூடு!"

"இது?"

"சில்லுன்னு! யா அல்லா, இது சில்லுங்குது!" முகம் முழுக்க வெளிச்சம். "சரி பண்ணிட்டான்! ஹேமந்த் சரி பண்ணிட்டான்! கெட்டிக்காரப் பையன், நான் போன் பண்ணி..."

நிறுத்தினார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கண்கள் மட்டும் மகளைப் பார்த்தன.

"எல்லாம் சொல்லிட்டான்," என்றாள் அம்பரீன். "காலைல பொய் சொன்னீங்க."

"சின்னப் பொய்தான். நீ அவ்ளோ ஆசையா உக்காந்திருந்தே, ஒண்ணுமே தெரியலேன்னு எப்டி சொல்றது?"

"ஹேமந்த் எதையும் சரி பண்ணலப்பா." அவர் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். "சரி பண்றதுக்கு ஒண்ணும் இல்ல. காலைலேர்ந்து இது இப்டியேதான் இருக்கு."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவள் அவசரப்படுத்தவில்லை. அவர் விரல் நுனிகளைச் சூடான கட்டத்தில் வைத்தார். முகத்தில் எதுவும் இல்லை. முன்கையை வைத்தார். புருவம் அசைந்தது. மறுபடி விரல். இந்த முறை அழுத்தி வைத்தார். நகம் வெளுக்க அழுத்தினார். பிறகு அந்தக் கையைத் திருப்பி, வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தார்.

"விரல் கொஞ்சம் மரத்தா மாதிரி இருக்கும். தூங்கி எழுந்தா போய்டும்னு..." குரல் தேய்ந்தது. சட்டென்று குளியலறைப் பக்கம் திரும்பினார். "தண்ணி."

அவர் பார்வை மகளின் சிவந்த கையில் நின்றது.

"சுட்டுதா?"

"கொஞ்சம்."

"பொய் சொல்லாதே."

"சுட்டுதுப்பா."

"கொழந்த அழுதுச்சே. தெனம் அழுதுச்சே. நான் பாட்டுப் பாடி... தண்ணிக்குப் பயப்படறான்னு சிரிச்சேனே அம்பரீன். இன்னிக்கு நீ வர்லேன்னா?"

"வந்துட்டேன் இல்ல?" அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்ல வேண்டிய வார்த்தைகளை வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்தாள். சர்க்கரை, நரம்பு, டாக்டர். அவர் கை அவள் கைக்குள் இருந்தது. அவளுடைய கையின் சூடாவது அவருக்குத் தெரிகிறதா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. சில பதில்களுக்கு அவள் இன்னும் தயாராகவில்லை.

"இனிமே சொம்பத் தொட மாட்டேன்," என்றார் அவர். "உங்கம்மி பாத்துக்கட்டும்."

"அம்மி தண்ணி கலக்கட்டும். குளிப்பாட்டறது நீங்கதான்."

"வேணாம்மா."

"உங்க பாட்டு இல்லாம அவ எந்தத் தண்ணிலயும் உக்கார மாட்டா. அம்மிக்குப் பாட வருமா? பாடினா தெருவே ஓடிடும்."

அவர் சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "மெல்ல. காதுல வுழுந்தா ரெண்டு பேருக்கும் சோறு கெடையாது."

"நாளைக்கு வேலூர் போறோம். பெரிய டாக்டரப் பாக்கறோம்."

"மொதல்ல உன் ஹயாத் வேல முடியட்டும்..."

"நாளைக்குப்பா."

அவர் தலையை ஆட்டினார். காலையில் தோளைத் தட்டிய மனிதர் இப்போது மகளிடம் அனுமதி கேட்பவர் போல உட்கார்ந்திருந்தார். அம்பரீனுக்கு அது பிடிக்கவில்லை. எழுந்து எதையாவது செய்தால் தேவலை என்றிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான், திரை வேலைக்காக எப்போதோ படித்த ஒன்று மனதில் தட்டியது. சர்க்கரைக்காரர்களுக்கு உணர்ச்சி போவது பெரும்பாலும் கையில் தொடங்குவதில்லை. கைக்கு வருவதற்கு வெகு முன்பே வேறோர் இடத்தில் தொடங்கியிருக்கும்.

"அப்பா, ஒரு நிமிஷம் கண்ண மூடுங்க."

"இப்ப இன்னா?"

"கால் விரல் ஒவ்வொண்ணா தொடுவேன். எந்த விரல்னு சொல்லணும்."

"சீ, நீ எதுக்கு என் காலத் தொடறே?" கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"இரம் கால நீங்க தேச்சு வுடறீங்க இல்ல? அதே மாதிரிதான். மூடுங்க."

முனகிக்கொண்டே கண்களை மூடினார். அம்பரீன் தரையில் உட்கார்ந்தாள். நாற்காலிக்கு அடியிலிருந்து அவருடைய வலது பாதம் மெல்ல முன்னால் வந்து அவள் எதிரில் ஊன்றியது. தினமும் நடந்து நடந்து காய்த்த பாதம். கட்டை விரலை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்தாள். மெதுவாக அழுத்தினாள். பிறகு இன்னும் கொஞ்சம். கடைசியில் தன் நகம் பதியும் அளவுக்கு.

சமையலறையில் இரம் எதற்கோ கிளுகிளுவென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு அப்துல் வஹீதின் முகமும் மலர்ந்தது. மூடிய கண்களோடு, விளையாட்டுக்குத் தயாரான குழந்தை போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ம், ரெடி பேட்டி," என்றார். "எப்ப தொடப் போறே?"